கணவர் பெயர் கூறவில்லை

இந்தியக் குடிமகனை மணந்துகொண்ட அயல்நாட்டுப் பெண், மனுச் செய்தால், இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்யப்படலாம். குடியுரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவு. இதில் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. மனைவிதானா என்று விசாரிக்க வேண்டும். ஆம் என்றால் ஆம் என்று எழுத வேண்டும்.

ஆம் என்பது எனக்குத் தெரியும். நான் அப்படி எழுதவில்லை.

ஒரு குடும்பத்தைப் பிரித்தவன் நான். லஞ்சம் வாங்கியதில்லை. கோப்பில் பொய்யாக ஒரு சொல்கூடச் சேர்த்ததில்லை. நான் எழுதிய வாக்கியம் முழுக்க முழுக்க உண்மை... அந்த உண்மையைத்தான் இத்தனை காலமாகச் செரிக்க முடியாமல் கிடக்கிறேன்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. அறிமுகம் செய்துகொள்வதுதான் முறை. புதுக்கோட்டை தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சமஸ்தானக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சமஸ்தானம் திருச்சி ஜில்லாவில் கரைந்த பிறகும் அதே நாற்காலியில் இருந்தேன். தாசில்தார்கள் வருவார்கள், போவார்கள். எந்த விதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு. உண்டு என்றா எழுதினேன்? இருந்தது.

மனுதாரரின் பெயர் தவமணி. மன்னாரில் பிறந்தவள், இலங்கைக் குடிமகள். கணவன் வடிவேல், வல்லத்திராக்கோட்டைக்காரன். மன்னாரில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனவன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மேல் மனம் வைத்தான். அவள் தற்காலிக அனுமதியோடு கப்பலேறி வந்தாள். ஊர் அம்மன் கோயிலில் தாலி கட்டினான்.

அந்த அனுமதியை ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. அடுத்த கெடு பங்குனிக் கடைசி. அதற்குள் பதிவு கிடைத்தால் அவள் ஆயுள் முழுவதும் இங்கே கணவனோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் கப்பல்.

இவ்வளவும் மனுவில் இருந்தது. மனுவில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். வடிவேல் என் அத்தை மகன்.

என் தங்கை மீனாட்சிக்கு முறை மாப்பிள்ளை. அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்த பேச்சு. அவனை நம்பி, அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினோம். அவனோ தனுஷ்கோடியில் இன்னொருத்தியோடு வந்து இறங்கினான்! அந்தக் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவர் என் அப்பா. அன்றைக்கு அவர் வழக்கம்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பை ஒரு சிப்பந்தி கையில் எடுக்கக் கூடாது. மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். புதிதாக வரும் குமாஸ்தாக்களுக்கு இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக் காட்டியவன் நான். அப்படியிருந்தும் ஏன் விலகவில்லை? மறந்துவிட்டேனா? இல்லை... மறக்கும் வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

தாசில்தார் ஜமாபந்தி வேலையில் மூழ்கியிருந்தார். "நீங்களே வாக்குமூலம் வாங்கிடுங்க" என்றார். அவருக்கு எங்கள் உறவு தெரியாது. நானும் சொல்லவில்லை.

இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வடிவேல் வாசலிலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மச்சான், நம்ம பைலு ஒங்ககிட்டயா இருக்கு? அப்பக் கவலையே இல்ல!"

"மனுதாரரைத் தனியா விசாரிக்கணும். நீங்க வெளிய நில்லுங்க."

"ஆத்தாடி! என்னையப் போயி 'நில்லுங்க'ங்கிறீங்களா? மரியாதை பலமா இருக்கே மச்சான், ஒதை கிதை விழப்போகுதா?" என்று கிண்டலடித்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனான்.

அவளை நான் உட்காரச் சொல்லவில்லை. மேசைக்கு எதிரே நின்றாள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர், எந்த மாதம் வந்தாள், எந்தக் கோயிலில் தாலி... எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். எங்கள் ஊர்ப் பேச்சைப் பழகியிருந்தாள். 'வாங்க, இருக்காங்க' என்றெல்லாம் கவனமாக, புதுச் செருப்புப் போட்டவர் நடப்பதைப் போலப் பேசினாள்.

"கணவர் பெயர்?"

வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஒங்க மச்சான்தாண்ணே."

"பேரைச் சொல்லணும்."

"நான் எப்படிண்ணே சொல்லுவேன்? அத்தைக்குத் தெரிஞ்சா வெளக்கமாத்தை எடுத்துருவாங்க." கொஞ்சம் யோசித்தாள். "முருகன் கையில வச்சிருக்காருல்ல... அதுதாண்ணே."

சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ளாத மனிதன் உண்டா? என் மனைவி இன்றுவரை என்னை 'இந்தாங்க' என்றுதான் அழைக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்து என் பெயரைக் கேட்டால், எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வாள். வேறு எந்தக் குமாஸ்தாவாக இருந்தாலும் புன்னகையோடு 'வடிவேல்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மன்னாரில் அவள் அவனைப் பெயர் சொல்லியே அழைத்தவள். இங்கே வந்த பிறகு என் அத்தைதான் நிறுத்தினாள். பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று பயமுறுத்தியிருந்தாள். தவமணியும் அதை அப்படியே நம்பி வாயைக் கட்டிக்கொண்டாள். சர்க்கார் என்னிடம் கேட்டிருந்தது என்ன? இவள் உண்மையில் மனைவிதானா? இந்த மண்ணோடு கலந்துவிட்டாளா? எந்தப் பத்திரமும் தர முடியாத அத்தாட்சியை என் கண்ணெதிரே தந்துகொண்டிருந்தாள்... நான் அதை அவளுக்கு எதிராகத் திருப்பினேன்.

"சாட்சிக்கு முருகனைக் கூப்பிட விதியில இடமில்லம்மா" என்றேன். என் நகைச்சுவையில் எனக்கே ஒரு திருப்தி!

அவள் முகம் மாறியது. பயத்தில் பழகிய பேச்சு நழுவி, பிறந்த ஊர்ப் பேச்சு வெளியே வந்தது.

"எழுதித் தாறனே, அண்ணை... அந்தப் பேனையைத் தாங்கோ."

பேனா என் கையில் இருந்தது. நீட்டியிருந்தால் போதும். அவள் பள்ளிக்கூடம் போனவள், அழகாக எழுதியிருப்பாள்.

"வாய்மொழி விசாரணையில எழுதித் தரக் கூடாது. விதி அப்படி."

அப்படி ஒரு விதி கிடையாது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது! என் வேலைக்காலத்தில் நானே இயற்றிய ஒரே விதி அது. அதுவும் எவ்வளவு இலக்கணச் சுத்தமாகச் சொன்னேன்! விதி என்று நான் சொன்னால் தாசில்தாரே நம்புவார். அவள் நம்பமாட்டாளா?

கதவுப் பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"அவருக்கு ஏதும் ஒண்டு ஆகிட்டால்...?" என்று என்னையே கேட்டாள்.

பேனாவை மூடினேன்.

'விசாரணையில் மனுதாரர் தம் கணவரின் பெயரைக் கூறவில்லை.' நான் எழுதிய வாக்கியம் இதுதான். தாசில்தார் ஜமாபந்திக் கட்டுகளுக்கு நடுவே கையெழுத்திட்டார். இப்போது நீங்களே சொல்லுங்கள், இதில் எந்தச் சொல் பொய்?

போகும்போது வடிவேல், "ஒரு நா வீட்டுக்கு வாங்க மச்சான், மாமாவையும் கூட்டிக்கிட்டு. கோவிச்சுக்கிட்டது போதும்" என்றான். தலையாட்டினேன்.

திருச்சி கலெக்டர் ஆபீஸிலிருந்து எதிர்பார்த்த பதில் எதிர்பார்த்தபடி வந்தது. 'திருமணம் ஐயத்துக்கு உரியது. பதிவு குறித்து மேல்விசாரணை தேவை. தங்கும் அனுமதியை நீட்டிக்க இயலாது.' வடிவேல் ஆபீஸுக்கு ஓடி வந்தான். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"எங்கிட்டுப் போகணும், யாரைப் பாக்கணும்? சொல்லுங்க மச்சான், இப்பவே போறேன்."

சொன்னேன். மேல்முறையீட்டை யாருக்கு எழுத வேண்டும், எத்தனை நகல்கள், எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாம் சரியான வழிமுறைதான். பங்குனிக்குள் முடியாத வழிமுறை என்பதை மட்டும் சொல்லவில்லை.

தங்கைக்காகச் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மீனாட்சி என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதற்குள் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாசி மாதம் வலி எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசலில் சீட்டு எழுதியவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"புருஷன் பேரு?"

அவ்வளவு வலியிலும் மீனாட்சி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்களேன்..."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். உள்ளே போகச் சொன்னார்.

முடிந்தது! யாரும் ஐயப்படவில்லை. யாரும் திருச்சிக்கு எழுதிக் கேட்கவில்லை. அந்த வராந்தாவில் நின்றபோது தவமணி என் நினைவுக்கு வந்தாள். அவளும் என்னை 'அண்ணே' என்றுதானே அழைத்தாள்? அத்தை மகனின் மனைவி எனக்குத் தங்கை முறை. அவளுக்காக அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவனும் நான்தானே?

இங்கே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கெடுவுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. தாசில்தாரிடம் போய், 'இவன் என் அத்தை மகன், இவள் அவன் மனைவி, என் குறிப்பு தவறு' என்று சொல்லியிருந்தால் அவர் அன்றே ஆள் அனுப்பியிருப்பார். எனக்குத் தண்டனை கிடைத்திருக்கும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த சமயம் அது...

என்ன செய்தேன் தெரியுமா? கூடுதல் அறிக்கை ஒன்று தயாரித்தேன். 'மனுதாரர் வழக்கம் கருதிப் பெயர் கூறத் தயங்கியதாக மறு பரிசீலனையில் தெரியவருகிறது.' யாருக்குத் தெரியவருகிறது? யார் பரிசீலித்தது? அது அதில் இல்லை. அதைச் சாதாரணத் தபால் கட்டில் வைத்துத் திருச்சிக்கு அனுப்பினேன். அவளால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை, அதற்குக் காரணம் பயமும் அன்பும். என்னாலும் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை, என்னுடையதை. அதற்கு என்ன காரணம் சொல்வேன்?

சாதாரணத் தபால் சாதாரணமாகவே போனது. பங்குனிக் கெடு வந்தது. வடிவேல் அவளைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போய்க் கப்பல் ஏற்றினான். அவன் கூடப் போக இலங்கைக்காரர்கள் அனுமதி தரவில்லை. திரும்பி வந்தவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கப்பல்கிட்ட அதிகாரி ஒருத்தரு புருஷன் பேரு என்னான்னாரு மச்சான். என்னையப் பாத்தா. அப்பறம் சொல்லிட்டா. வடிவேல்னு... சத்தமா, வரிசையில நின்னவங்கல்லாம் திரும்பிப் பாக்குற மாதிரி." மூச்சு வாங்கினான். "அங்க சொன்னத இங்க ஒங்ககிட்டச் சொல்லியிருந்தா இருந்திருப்பாள்ல?"

தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"எழுதித் தாரேன்னு கேட்டாளாமே. அதுக்கு விதி இல்லையாமுல்ல?"

"இல்ல" என்றேன். இரண்டாம் முறையும் சொன்னேன்! கேட்டுக்கொள்ளுங்கள்... இரண்டாம் முறையும்.

அவன் இலங்கை போக மனு மேல் மனு போட்டான். எல்லாம் திரும்பி வந்தன. ஆனியில், கடல் மோசமாக இருக்கும் மாதத்தில், ஒரு நாள் அவனைக் காணவில்லை. கட்டுமாவடிக் கடற்கரையில் ஒரு படகில் ஏறியதைப் பார்த்ததாக மீன் வியாபாரி ஒருவர் சொன்னார். கரை சேர்ந்தான் என்று ஒரு சொல் வரவில்லை. தவமணியிடமிருந்தும் கடிதம் இல்லை. அவன் போய்ச் சேர்ந்ததால் கடிதம் தேவைப்படவில்லையா, அல்லது... இந்த வாக்கியத்தை நான் முடித்ததே இல்லை.

அத்தையைப் பார்க்க வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சிறுக்கி கப்பல்ல நின்னு எம்மவன் பேரைக் கத்திச் சொன்னாளாமேப்பா. சொல்லாதடி சொல்லாதடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... அதான் எம்மவன் போயிட்டான். நீ படிச்சவன், நீயே சொல்லு. அவதானே காரணம்?"

அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் மிகச் சிறியது. நீங்கள் அறிவீர்கள். "அழுகாதீங்க அத்தை" என்றேன். ஆயுள் உள்ளவரை அவள் மருமகளைச் சபித்துக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பதவி உயர்வு கிடைத்தது. ஓய்வூதியமும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. நிலுவையில் இருப்பது இது ஒன்றுதான். இதைத் தீர்க்கும் விதியைத் தேடிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியாத விதி எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை.

கோப்பைத் தேதி இல்லாமல் மூடக் கூடாது. 'மனுதாரரை இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்ய ஆட்சேபணை இல்லை. கணவருடன் நேரில் வந்து உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம்' என்று என் கூடுதல் அறிக்கைக்குப் பதில் என் மேசைக்கு வந்தது. காலையில் குளக்கரையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்த என் மனைவி, "இந்தாங்க" என்று வெல்லம் கலந்த காப்பரிசியை நீட்டிய நாள் அது. 1961, ஆடிப் பதினெட்டு.