உலக்கையில் இருந்த ஈரம்

ஞானமுத்து ஐயா காலமாகிவிட்டார் என்று ஆரையம்பதிச் சந்தையில் வைத்துத்தான் சொன்னார்கள். வாங்க வந்த மீனை வாங்காமலே பஸ் ஏறினேன். சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் அரச சட்டவாதியாக இருந்தவர். என் அக்காவைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர்.

ஷெல் விழுந்த ஒரு பின்னேரம், ஊரே பங்கர் குழிகளுக்குள் கிடந்தபோது அக்கா குசினியில், அடுப்படியில் தலை உடைந்து செத்துக் கிடந்தார். ஷெல் பட்டதென்றான் அவர் புருசன். அந்த நாட்களில் அப்படிச் சொன்னால் மறுகேள்வி கிடையாது. ஆனால் மா இடிக்கும் உலக்கை கழுவி ஈரமாக இருந்ததை நான் கண்டேன். எங்கள் பெண்கள் மா உலக்கையைத் துணியால் துடைப்பார்களே தவிரத் தண்ணீர் காட்டமாட்டார்கள். அக்காவின் சீதன வீட்டில் குந்தியிருந்து தின்றவனுக்கு அது எங்கே தெரியும்?

நான் பொலிசில் போய்ச் சொன்ன பிறகு நடந்த பிரேத பரிசோதனையில் காயத்துக்குள் ஷெல்லின் இரும்புத்துண்டு ஒன்றும் இல்லை. நொறுங்கிய எலும்பில் அரிசிமா அப்பியிருந்தது. அதுவே போதாதா என்று ஐயாவிடம் கேட்டேன். குசினியில் மா பறக்கும் என்பார்கள், ஈரத்துக்கும் ஒரு சாட்டு வைத்திருப்பான், எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால்தான் அவனால் தப்ப முடியாது என்றார் ஐயா. அப்படியென்றால் உலக்கையில் இரத்தம் கண்டதாகவே சொல்கிறேன் என்றேன். ஐயாவின் முகம் கடுத்தது.

"இல்லாத ரெத்தத்தக் கண்டனெண்டு சொன்னா, இருந்த ஈரமும் பொய்யாப் போகும், புள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் யார் பக்கம் என்று நினைத்தேன்.

சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கேட்டார், இரத்தம் கண்டீரா என்று. இல்லை, ஈரம்தான் கண்டேன் என்றேன். பிறகு பகுப்பாய்வு அறிக்கையை வாசித்தார்கள். உலக்கையின் வெளிப்புறம் சுத்தம். அடியில் போட்ட இரும்புப் பூணுக்குள் இருந்த வெடிப்பில் அக்காவின் இரத்தம். நான் பொய் சொல்லியிருந்தால் அந்த வக்கீல் அங்கேயே என்னைக் கிழித்து வழக்கையும் கெடுத்திருப்பார்.

மரண தண்டனை விதித்தார்கள், தூக்கிலிடவில்லை. சிறையிலேயே செத்தான். நான் சந்தோசப்பட்டேன். இப்போதும் படுகிறேன்.

அதற்குப் பிறகு ஐயாவைப் பார்க்கப் போனபோது கேட்டார்.

"கோவம் ஆறிற்றா, புள்ள?"

"இல்ல ஐயா."

"ஆறாட்டிக் கிடக்கட்டும்."

நேற்று அடக்க ஆராதனையில் போதகர் மன்னிப்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொந்தம், அயல், கோயில் ஐயர் என்று எல்லாரும் அக்காவைக் கொன்றவனை மன்னிக்கச் சொன்னார்கள். சொல்லாதவர் இவர் ஒருவர்தான்.

குழிக்குள் ஒரு பிடி மண் போட்டேன்.

"போயிற்று வாங்க ஐயா. நான் இன்னும் மன்னிக்கல்ல."