வாசலில் நின்றுபோன பீரோக்கள்

ஸ்டீல் பீரோவை விற்பது பெரிய வித்தை இல்லை; வாங்கியவர் வீட்டுக்குள் அதை நுழைத்துவிட்டு, சுவரும் வாசல் நிலையும் நம் பத்து விரலும் முழுசாக இருக்க வெளியே வருவதுதான் தொழில். அறுபதுகளின் நடுவில் தொடங்கிப் பதினோரு வருஷம், தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பர்னிச்சர் கடையில் அந்த வேலை எனக்கு. வீடு மாற்றும்போது கட்டிலோடு நடுத்தெருவில் நின்றவர்கள், கல்யாணச் சீரை ஏற்றி இறக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

என்னோடு எப்போதும் வருபவர் கோவிலம்பாக்கத்து முனுசாமி. பீரோவின் கனமான அடிப்பக்கம் அவர் தோளில் இருக்கும். மேல்பக்கமும் இன்ச் டேப்பும் என் கையில்.

வெயிலில் விரிந்த பீரோ

சேலையூரில் புதிதாக வீடு கட்டிய ஒரு ரயில்வே குமாஸ்தா, படுக்கையறைச் சுவரில் பீரோவுக்கென்றே ஒரு மாடம் விட்டிருந்தார். மாடம் மூன்றடி, பீரோ மூன்றடி. தானே அளந்து சொல்லி மேஸ்திரியிடம் கட்டி வாங்கியதாகப் பெருமையோடு காட்டினார். தள்ளினோம். ஒரு இன்ச் இடித்தது.

மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை. இரும்பு வெயிலில் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாராம். தாம்பரத்திலிருந்து மொட்டை வெயிலில் கைவண்டியில் வந்ததால் பீரோ விரிந்துவிட்டது, சாயங்காலம் சரியாகிவிடும் என்றார். வாங்கியவரே சொல்லும்போது நாம் என்ன பேசுவது? ஈரத்துணி போர்த்திவிட்டு உட்கார்ந்தோம். மூன்று தம்ளர் மோர் குடித்தோம். நாலரை மணிக்கு மறுபடி தள்ளினால் அதே ஒரு இன்ச். அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து, மாடத்தின் ஓரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பீரோ விரியலைங்க. நீங்க அளந்தப்போ சுவர் பூசவே இல்லை.”

மாடம்பாக்கத்துப் பள்ளம்

மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. பெண்ணுக்கு நகை சேர்த்து வைக்க, லட்சுமியம்மாள் என்பவர் ஆசையாக வாங்கிய பீரோ. அறையில் கூரை தாழ்வு, பீரோவைவிட ஒரு விரல்கட்டைதான் உயரம். போதும் என்று நினைத்தேன். பீரோவைப் படுக்கவைத்தே உள்ளே கொண்டுபோய்விட்டோம். நிமிர்த்தும்போதுதான் புத்தி வந்தது. படுத்திருப்பதை நிமிர்த்தினால் அதன் மூலை, நிற்கிற உயரத்துக்கும் மேலே இரண்டு இன்ச் எழும்பித்தான் இறங்கும். அந்த இடத்தில் கூரையின் சட்டம் குறுக்கே நின்றது. படுத்தால் இருக்கும், நின்றாலும் இருக்கும், எழுந்திருக்க மட்டும் வழியில்லை.

திருப்பிக் கொண்டுபோய்விடுவோமோ என்று அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முனுசாமி தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். மண் தரை. மண்வெட்டி வாங்கி, பீரோவின் அடி வருகிற இடத்தில் நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தார். அடியை அதில் இறக்கி நிமிர்த்தினோம். சட்டத்தை உரசாமல் எழுந்து நின்றது. அந்த அம்மா சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. மண் வெட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் பள்ளத்தையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நகையைப் புதைச்சுத்தான் வைக்கப் போறீங்கன்னா, பீரோ எதுக்கும்மா?”

மாடிப்படியில் ஒரு வகுப்பு

கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற ஒருவர், மாடி வீட்டுக்குக் குடிவந்தார். படி திரும்புகிற இடத்தில் பீரோ சுவரில் முட்டி நின்றது. கீழே முனுசாமி தோளில் முழுக் கனம். இந்தச் சுவர் ஒரு அரை இன்ச் விட்டுக்கொடுத்தால் என்ன என்று அவர் முனகினார். தன்னிடம் சந்தேகம் கேட்கிறார் என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டார்.

படியில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தார். இரும்பும் செங்கல்லும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் ஒரு சின்னப் பொட்டு, சுற்றி எலெக்ட்ரான்கள், மற்றபடி உள்ளே எல்லாம் காலியிடம். ஆனாலும் பீரோ சுவரைத் தொடப் போகும்போது இரண்டு பக்கத்து எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளும். அதோடு, ஒரு எலெக்ட்ரான் இருக்கிற இடத்தில் அதே நிலையில் இன்னொன்று இருக்க இயற்கை அனுமதிப்பதில்லை. அதனால்தான் திடப்பொருள் இரண்டு ஒரே இடத்தில் இருக்க முடியாது. இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. மேல்மூலை என் கையில் இல்லாதிருந்தால் இன்னும் ரசித்திருப்பேன்.

அப்புறம் கீழே இறக்கி, கயிறு கட்டி, பால்கனி வழியாக ஏற்றினோம். அது வேறு கதை. வகுப்பு முடிந்து ஏதாவது சந்தேகம் உண்டா என்று அவர் கேட்டபோது, வேர்வை வழிய முனுசாமி கேட்டார்:

“உள்ள அத்தினியும் காலிதான்னா, இது ஏன் சார் இந்தக் கனம் கனக்குது?”

மாப்பிள்ளை அறைக்குள்ளே

கேம்ப் ரோடில் பால்ராஜ் சார் என்று ஒரு ஹெட்மாஸ்டர். மகன் ஜெபராஜுக்குக் காலை பத்து மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். பெண் வீட்டார் சீராகக் கொடுத்த பீரோ முதல் நாளே போயிருக்க வேண்டும். எங்கள் கைவண்டியின் அச்சு முறிந்ததில், காலை எட்டரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பெண் வந்து இறங்கும்போது பீரோ அறையில் இருக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். சாய்த்து நுழைத்தோம். தலை உள்ளே போய்க் கதவையும் சுவரையும் சேர்த்து அழுத்தியது. அடி வெளியே நடைச்சுவரில் முட்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு குரல், அமைதியாக, தான் எப்படி வெளியே வருவது என்று கேட்டது. மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக உள்ளே நின்றிருந்தார்.

ஜன்னலில் கம்பி. கதவைக் கழற்றலாம் என்றால் கல்யாண வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மணி ஒன்பது இருபது. பால்ராஜ் சார் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். சாய்ந்து நின்ற பீரோவுக்கு அடியில் முக்கோணமாக ஒரு சந்து இருந்தது. முனுசாமி அதைக் காட்டினார். மாப்பிள்ளையோ கொஞ்சம் பூசினாற்போன்ற ஆள். கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சந்து வழியாக உள்ளே விட்டோம். அவர் அதன்மேல் மல்லாந்து படுத்தார். பீரோ சரிந்துவிடாமல் முனுசாமி தோள் கொடுத்து நின்றார். நானும் பெரியப்பா ஒருவரும் விரிப்பை இழுத்தோம். வயிறு வந்ததும் நின்றுவிட்டது.

“மூச்சை முழுசா வுட்டுடு நைனா,” என்றார் முனுசாமி. மாப்பிள்ளை விட்டார். இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றார். வீடே கை தட்டியது. சட்டையில் ஒரு கறை இல்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சர்ச் வாசலில் கார் நின்றது.

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவரக் கடைக்குச் சைக்கிளில் பறந்தேன். வழியில் பஞ்சர். நான் திரும்பி வருவதற்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் நுழைவதற்கும் சரியாக இருந்தது. பெண் பெயர் கிரேஸ், டீச்சர். வாசலை அடைத்து நின்ற பீரோவைப் பார்த்தார், அதன் எதிரே தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமியாரிடம் கேட்டார்:

“அத்தை, முதல்ல நான் உள்ளே போகட்டுமா, இல்லை எங்க அப்பாவோட பீரோ போகட்டுமா?”

இரண்டு பொருள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளாத வாடிக்கையாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அந்தச் சட்டம் தன் வீட்டுக்கும் செல்லும் என்று நம்பிய ஒருவரையும் பார்த்ததில்லை.