கடற்கரையிலும் ஷிப்ட்

ஒரகடத்திலிருந்து கடல் ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. பைக்கை எடுத்தால் தின்ற இட்லி செரிப்பதற்குள் கோவளம் வந்துவிடும். ஆனாலும் கல்யாணமாகி ஐந்தாறு வருடம் நாங்கள் குடும்பமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "பக்கத்துலயே கடல வெச்சிகினு போவ மாட்டேன்றீங்களே" என்று சொந்தக்காரர்கள் இடித்துக் காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் பக்கத்தில் இருந்தால் ஆயிற்றா? லீவும் கிடைக்க வேண்டாமா?

நான் வாலாஜாபாத் பக்கத்து ஆள். கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. மனைவிக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவளை நான் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டது தனிக் கதை. மகள் பிறந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு பேரும் அவரவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் வீட்டில் இருக்கிற மாதிரி ஷிப்ட் வாங்கிக்கொண்டோம். வார லீவும் ஆளுக்கொரு நாள். இருவரும் வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்போம்.

ஒரகடம் கூட்டு ரோட்டில்தான் குழந்தை கைமாறும். என் கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன். அவள் தன் கம்பெனி பஸ்ஸுக்காகக் குழந்தையோடு நின்றுகொண்டிருப்பாள். லைனில் ஷிப்ட் மாறும்போது மெஷின் எப்படி ஓடுகிறது, என்ன மக்கர் பண்ணுகிறது என்று அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "பால் குடிச்சிட்டா. லேசா சளி இருக்கு. குளிப்பாட்டிராதிய" என்று அவள் ஒப்பிப்பாள். நான் தலையாட்டி வாங்கிக்கொள்வேன். அவளுடைய பஸ் வந்துவிடும். அப்போது அலுப்பாக இருந்த அந்தக் கூட்டு ரோடு இப்போது கண்ணிலேயே நிற்கிறது. மகள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இனி அவளை யார் இடுப்பில் தூக்கிக் கொடுப்பது, யார் வாங்குவது?

நான் சொல்லும் நாளில் அவளுக்கு நான்கு வயது. எதிர்வீட்டுக்காரர்கள் மாமல்லபுரம் போய் வந்து போனில் ஒரு போட்டோ காட்டினார்கள். கடல் தண்ணீரில் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. நடுவில் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர்கள் பிள்ளை அந்தரத்தில் தொங்குகிறது. அவ்வளவுதான், என் மகளுக்கு அன்றிலிருந்து அதே பேச்சு. தனக்கும் அந்த மாதிரி வேண்டும். வலது கை அப்பாவுக்கு, இடது கை அம்மாவுக்கு என்று பாகப்பிரிவினையும் செய்துவைத்துவிட்டாள். எங்களிடம் அதுவரை அவள் பெரிதாக எதுவுமே கேட்டதில்லை. இதையாவது செய்துவிட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் மனதில் இருந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் இரண்டு கம்பெனிக்கும் சேர்ந்தாற்போல் லீவு விழுந்தது. முந்தின வாரம் முழுக்க இருவருக்கும் ஓ.டி. கண்ணெல்லாம் எரிச்சல். ஆனாலும் பூஜை போட்ட வண்டியில் சந்தனம் காய்வதற்குள் கிளம்பிவிட்டோம். படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தைத் தொட்டு, அங்கிருந்து கடலோர ரோட்டில் தெற்கே திரும்பினோம்.

வழியில் முதலைப் பண்ணை. உள்ளே ஒரு முதலையாவது அசைய வேண்டுமே! ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுங்கல்லாம் நைட் ஷிப்டாப்பா?" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமே சிரித்தது. நானும் பெருமையாகச் சிரித்தேன். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையை முட்டுக் கொடுத்துத் தாங்குவதுபோல ஊரே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கடல் எங்க?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் போர்வையை விரித்தோம். காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. "கண்ண மட்டும் கொஞ்சம் மூடிக்கிடுதேன்" என்று மனைவி சாய்ந்தாள். அடுத்த நிமிடம் குறட்டை. எழுப்ப மனம் வரவில்லை. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அலையில் நிற்கவைத்தேன். அவள் திரும்பித் திரும்பிப் படகையே பார்த்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "மாங்கா துன்னா. தண்ணி குடிச்சா. ஜட்டி ஈரமா கீது" என்று அவளிடம் ஒப்பித்துவிட்டு நான் போர்வையில் விழுந்தேன். அவள் தலையாட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். இதில் ஏதோ தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

நான் கண் விழித்தபோது வெயில் போயிருந்தது. மூட்டை கட்டி, மணலை உதறி, வண்டி நிறுத்தின இடத்துக்கு நடந்தோம். மகளைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்தேன். முகம் தொங்கிப் போயிருந்தது.

"இன்னா பாப்பா, கடல் நல்லா இல்லியா?"

"நாம இன்னும் போவலியே."

"ரெண்டு தபா போனியேடி!"

"அது உன்கூட. அது அம்மாகூட."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "என்னைய எழுப்பியிருக்கலாம்லா? பொறவு நீங்க எதுக்குத் தூங்குனிய?" என்று மனைவி என் மேல் பாய்ந்தாள். அவள் குரல் உடைந்திருந்தது. எனக்கும் என் மேலேயே ஆத்திரம். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பின்னால் மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரிலிருந்து கரையேற்றிக்கொண்டிருந்தார். எங்களை மறித்தார். "டைம் ஆச்சுபா, கெளம்பு. காலைலேர்ந்து இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"தூங்கிட்டோம் சார்" என்றாள் மனைவி. "ஷிப்டு மாத்தி மாத்தித் தூங்கிட்டோம்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "கணுக்கால் வரைக்கும்தான். நா இங்கயேதான் நிப்பேன்" என்றார்.

இறங்கினோம். வலது கை எனக்கு, இடது கை அவளுக்கு. அலை வந்தது, தூக்கினோம். மகள் கடலைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் முழிச்சிகினு இருக்கீங்களா?"

"முழிச்சிருக்கோம்மா" என்றாள் மனைவி.

"அப்டியே இருங்க" என்றாள் மகள். "தூங்கிடாதீங்க."