ஒரு பக்கம் மட்டும் வர்ணம் அடித்த சுவர்

போன மாதம் சிட்லபாக்கம் வீட்டில் சமையலறைச் சுவரை இடித்தோம். கூடவே மூலையிலிருந்த பழைய விறகடுப்பையும் அதன் புகைபோக்கியையும். மேஸ்திரி முதல் அடி போட்டதுமே புகைபோக்கியிலிருந்து பொலபொலவென்று கரி கொட்டி, வீடு முழுக்கப் புகை வாடை. "ஒரே கரியா கீது சார், கை வெச்சா ஒட்டிக்கினு வருது," என்றார். எனக்கோ காது சூடாகிவிட்டது. வெட்கம் வந்தால் என் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என் சட்டையில் எப்போதும் இந்த வாடைதான். மழைக்காலத்தில் அம்மா துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துவாள். "இன்னாடா, வூடு பத்திக்கிச்சா?" என்பான் பக்கத்தில் உட்காரும் பையன். ஒருநாள் சட்டைக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டு போனேன். புகையும் பவுடரும் சேர்ந்தால் என்ன மணம் வரும் என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பூசாரி என்று பெயர்.

தெருவில் எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் விறகுத் தொட்டியில் வாங்கி வந்த சவுக்குக் கட்டை. அப்பாவுக்கு இது மானப் பிரச்சினை. அவருடைய ஆபீஸ் மேனேஜர் ஒரு தடவை வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட, ஹாலுக்கும் அடுப்புக்கும் நடுவே அவசர அவசரமாக ஒரு சுவரை எழுப்பினார். மேனேஜர் கடைசிவரை வரவேயில்லை. சுவர் நின்றுவிட்டது.

அம்மா அதற்குப் பின்னால் போனாள். யார் வந்தாலும், புடவையெல்லாம் புகை நாற்றம் என்று வெளியே தலைகாட்ட மாட்டாள். காபி ஆனதும் டம்ளரால் சுவரில் ஒரு தட்டு. நான் ஓடிப்போய் வாங்கி வருவேன். அவளும் வந்து உட்காரட்டுமே என்று நாங்கள் யாரும் கூப்பிட்டதாக ஞாபகமில்லை. உள்ளூர எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பிறகு கேஸ் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்தார். புடவையில் வாடை போய் எவ்வளவோ காலமாகியும், யாராவது வந்தால் அம்மா சுவருக்குப் பின்னால்தான்.

இப்போது என் மனைவி ஓப்பன் கிச்சன் கேட்டாள். நான் அம்மாவிடம் பெரிய மனுஷன் போல, "இனிமே நீயும் எங்களோட ஹால்ல இருக்கலாம்மா, வர்றவங்களோட பேசலாம்," என்றேன். அவளுக்காகத்தான் இடிக்கிறேன் என்று நானே நம்பியும்விட்டேன்.

"பாக்கலாம்டா," என்றாள்.

இடிக்கும்போது ஹால் பக்கம் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வர்ணமெல்லாம் தோல் தோலாக உரிந்தது. மறுபக்கம் பூச்சுகூடக் காணாத செங்கல், கன்னங்கரேலென்று.

"என்ன அத்தை, ஒரு பக்கம்தான் பெயின்ட்டா?" என்று மனைவி சிரித்தாள்.

"அந்தப் பக்கம் யாரு பாக்கப் போறாங்க," என்றாள் அம்மா, சாதாரணமாக.

அவள் பார்த்துக்கொண்டு இருந்தாளே. இத்தனை வருஷமும் நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டு இருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

வேலை முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை என் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வந்தார். "சூப்பர் சார், என்னா வெளிச்சம்!" என்று அசந்து போனார். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். அரிந்த வெங்காயம் மேடைமேல் பாதியில் கிடந்தது. கொல்லைப்புறம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில், வெயிலில், ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இங்க? உள்ள வாம்மா."

"அவங்க போகட்டும்டா," என்றாள். அப்புறம், கோபமே இல்லாமல், "அங்க நான் எங்க போய் இருக்கிறது, சொல்லு?"

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரும் இடம்தான். அதையும் நானே ஆள் வைத்து இடித்துவிட்டேன்.