கேட்காமல் போட்ட குறி

முட்டையை விளக்கின் மேல் பிடித்துக் கரு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று பார்க்கிறாள் ஹுஹானா. பென்சிலால் அந்த இடத்தில் சிறு அடையாளம். ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சியதும் கரு கீழே இறங்குகிறது. பிறகு வளைந்த கத்தரியால் ஓட்டில் ஒரு ஜன்னல் வெட்டுகிறாள். ஆய்வுக்கூடத்தில் இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை. அவசரப்படுத்தினால், "நீயே போய் அடைகாத்துக்கோ" என்பாள்.

வயது ஐம்பத்தெட்டு. மேசையில் ஏறி உட்காரும் மாணவர்களைக் கண்டால் ஆகாது. "எந்திரிடா, அது உட்கார்ற இடமா?" புதன்கிழமைகளில் ஆட்டெலும்பும் பூஹா கீரையும் வேகவைத்துக் கொண்டுவருவாள். அந்தப் பாத்திரத்தை முட்டைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவர மாட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

பிறக்கும்போதே அவளுக்கு இடது பாதம் உள்பக்கம் வளைந்திருந்தது. கட்டுப்போட்டு நிமிர்த்தினார்கள். இருந்தும் அந்தப் பாதம் இரண்டு அளவு சிறியது. அதனால் எப்போதும் இரண்டு ஜோடி ஷூ வாங்குகிறாள். மிஞ்சும் ஒற்றைகள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. "எனக்கு நேர் எதிரா ஒருத்தி எங்கயாவது இருப்பா. கண்டா குடுத்துடுவேன்."

அவள் குடும்பத்தில் தலைமுறைக்கு இரண்டு மூன்று வளைபாதங்கள். தாய் செய்த தவறு, தீட்டு மீறியது என்று எத்தனையோ பெண்கள் தலையில் அந்தப் பழி விழுந்திருக்கிறது. காரணம் பிட்எக்ஸ்-1 என்ற மரபணுவாக இருக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தின் தலைவர் அலிஸ்டர் சொன்னபோது அவள்தான் முதலில் துள்ளினாள். உடம்பின் பாகங்களை அந்தந்த இடத்தில் வளரச் சொல்லும் ஹோமியோபாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது; காலைக் காலாக வளர்ப்பது அதன் வேலை. கோழிக்கருவின் இறக்கை முளையில் அதை அதிகமாகச் செலுத்தினால் இறக்கையே கால்போல வளரும். அதைத் தன் கையால் செய்து பார்த்தவள் அவள். அதே மரபணு மனிதரில் பாதி குறைந்தால் பாதம் வளையலாம்.

குடும்ப விவரப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு தன் ஆட்கள் இருக்கும் கிழக்குக் கரைக்குப் போனாள். வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்தொரு உறவினர்களிடம் ரத்தம் வாங்கி வந்தாள். "ஹுஹானா கேட்கிறா" என்பதற்காக மட்டுமே கை நீட்டினார்கள். முடிவை வரும் சனிக்கிழமை குடும்பத்தார் ஒன்றுகூடும் மராயே என்ற பொதுக்கூடத்தில் எல்லோர் முன்னும் விரித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

விரிக்க வேண்டிய வம்சப்படம் வியாழக்கிழமை அச்சாகி வந்தது. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், வளைபாதம் என்றால் கறுப்பு. அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை மெரானியாவின் மகன் ரெவெட்டி கறுப்புச் சதுரம். அவன் தலைக்கு மேல், தகப்பனை இணைக்கும் கோட்டில் ஒரு கேள்விக்குறி. கீழே பொடி எழுத்தில்: தந்தை ஐயத்துக்குரியவர்.

ஹுஹானா படத்தைச் சுருட்டிக்கொண்டு அலிஸ்டரின் அறைக்குள் கதவு தட்டாமல் நுழைந்தாள்.

"இது யார் எழுதினது?"

"நான்தாங்க. வெறும் குறிப்புதான். பையன்கிட்ட அந்த மரபணு மாற்றம் இருக்கு, மெரானியாகிட்ட இல்ல, அவ புருஷன்கிட்டயும் இல்ல. அப்ப வேற யாரோ…"

"வேற யாரோவா? ஏம்பா, ரெவெட்டியைப் பெத்தது நான்."

அலிஸ்டர் மேசைமேல் இருந்த படிவக்கட்டை இழுத்துப் புரட்டினான்.

"பத்து நாள் குழந்தையா மெரானியா கையில குடுத்தேன். அவளுக்குப் பிள்ளை தங்கல. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரையும் அம்மான்னுதான் கூப்பிடுறான். சொந்தத்துக்குள்ள பிள்ளையைக் குடுத்து வளர்க்கறதுக்கு ஃபாங்காய்னு ஒரு வார்த்தை, இந்த நாட்டுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, உனக்குத் தெரியாதா?"

"படிவத்துல மெரானியா தன் மகன்னு…"

"அவ மகன்தான்! வேற எப்படி எழுதுவா?"

கோபத்தில் பாதி தன்மேலேயே. அந்தப் படிவத்தை நீட்டியவள் அவள். 'பிள்ளைகள்' என்ற கட்டத்தைத் தன் படிவத்தில் காலியாக விட்டவளும் அவள். அப்போது அது பொய்யாகத் தோன்றவே இல்லை. கோடு போட்டவனுக்கோ சந்தேகம் வந்திருக்கிறது. சந்தேகம் வந்தவன் கேட்டிருக்கலாம். அவனுக்கு ஒரு பெண்ணின் நடத்தைமேல் கைவைப்பது சுலபமாக இருந்தது.

"பத்தொன்பது வருஷமா உன் அறைக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டியா?"

"அஞ்சு நிமிஷத்துல திருத்திடலாம், ஹுஹானா. சனிக்கிழமைக்குள்ள புதுப்படம்."

"இது வேற யார்கிட்டயாவது போயிருக்கா?"

அலிஸ்டர் ஜன்னலைப் பார்த்தான். "அமெரிக்காவுல கூட வேலை செய்யறவங்களுக்கு. அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே, போன வாரம்."

"அப்ப சனிக்கிழமை எழுந்து நின்னு, அவளைப் பத்தி என்ன எழுதி எங்க அனுப்பினேன்னு மெரானியா மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"அவங்களுக்குத் தெரியணுமா என்ன? தெரிஞ்சா வீணா மனசு கஷ்டம். திருத்திட்டா முடிஞ்சுது."

ஹுஹானா சுருட்டிய படத்தை அவன் மேசைமேல் வைத்தாள். முப்பத்தொரு பேரின் ரத்தமும் பூட்டியிருக்கும் உறைபெட்டியின் சாவி அவன் இடுப்பு வளையத்தில்தான் தொங்கும். அதற்கு நேராக உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவன் வளையத்தைத் தொடும்வரை அந்தக் கை இறங்கவில்லை.