மூன்றாம் முறை

தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வராந்தாவுக்கே வருவார் உடையப்பன். திண்டுக்கல்லில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் டவாலி. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி, மார்புப் பட்டையை இழுத்துவிட்டு, வேப்பமரத்தடிக் கூட்டத்தைப் பார்த்துக் கேஸ்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை.

ஒரு பெயருக்கு மூன்று கூப்பாடு. ஆள் வராவிட்டால் பெஞ்சு கிளார்க் ஆரோக்கியதாஸ் கேஸ் கட்டில் ரப்பர் ஸ்டாம்பை அழுத்துவார். ஜில்லா பிரிந்த வருஷம் வந்த புது ஸ்டாம்பு: ‘மும்முறை அழைத்தும் எதிரி ஆஜராகவில்லை. வாரண்டு.’ எப்படி அழைத்தார்கள் என்று எழுத அதில் இடமில்லை.

அந்த இடம் உடையப்பனின் தொண்டையில் இருந்தது. தெனாவட்டாகத் திரியும் ஆசாமி என்றால் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். வீட்டில் மனைவி சுந்தரம்மாளோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் வந்த நாளிலும் அப்படித்தான். அன்றைக்கு வாரண்டு வாங்கியவர்களுக்கு, அவர் வீட்டு வெஞ்சனத்தில் உப்புக் கூடிய கதை தெரியாது. மழை நாள் என்றால் இழுப்பார். “எரியோட்டு பஸ்ஸு அம்புட்டு லேசுல வந்துருமா?”

போன புதன்கிழமை கட்டில் இருந்த பெயர் ஜக்கம்மாள். ஆடு தோட்டத்தில் மேய்ந்த தகராறில் அடிதடி கேஸ். முன்னொரு வாய்தாவுக்கு வராமல் வாரண்டு விழுந்து, அய்யலூர்ச் சந்தையில் வைத்தே அவளைப் பிடித்துப் போனார்கள். ஜாமீனில் திரும்பியபோது ஆட்டில் பாதியைக் காணோம்.

“அய்யலூரு ஜக்கம்மா!”

பதில் இல்லை. இரண்டாம் முறைக்கும் இல்லை. வக்கீல் குமாஸ்தா கிதர் முகம்மது அருகில் வந்து, “அடுத்த பஸ்ஸுல வருதாம்ணே. முன்ன வந்தவுக சொன்னாக” என்றார்.

உள்ளே ஆரோக்கியதாஸ் ஸ்டாம்பை மையில் ஒத்தினார். “மூணாச்சா, உடையப்பா?”

“ரெண்டுங்கய்யா.”

“ஏய்யா, தொண்டையில நெல்லா காயப்போட்டிருக்க? அய்யா சாப்பாட்டுக்கு எந்திரிக்கணும்ல.”

“செத்த பொறுங்க. பாக்கு சிக்கிக்கிருச்சு.”

பானையில் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து, கொப்பளிக்க ஆரம்பித்தார். ஒரு தம்ளர். இன்னொரு தம்ளர். கண் மட்டும் வாசலில் இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். அப்போதும் கொப்பளிப்பு நிற்கவில்லை. ஜக்கம்மாள் படியேறி, எதிரே மூச்சிரைக்க நின்ற பிறகே தண்ணீரை உமிழ்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக, அய்யலூருக்கே கேட்கும்படி மூன்றாம் முறை கூப்பிட்டார்.