கறை போகக் கழுவிய விரல்கள்: தெல்தோட்டைக்கு ஒரு வேலைப் பயணம்

நான் கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்தவள். மலேசியாவில் எங்கே சாப்பிடலாம், எந்த ஹோட்டலில் மூட்டைப்பூச்சி என்றெல்லாம் இந்த வலைப்பதிவில் எழுதியிருக்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீற்றர்கூட வராத தெல்தோட்டைக்குப் போன மாதம்தான் முதல் தடவையாகப் போனேன். அதுவும் சுற்றிப் பார்க்க இல்லை. விரல் அடையாளம் எடுத்து ஆட்களைப் பதிவு செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. புதிய பதிவு ஒன்றை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதற்கு முன்னால் சில ஊர்களில் செய்து பார்க்கிறோம். அதில் ஒரு தேயிலைத் தோட்டம் என் பங்குக்கு வந்தது.

முகாமுக்கு முன்கூட்டியே ஓர் அறிவித்தல் அனுப்ப வேண்டும். அதை எழுதியது நான். கண்டியில் வைத்துச் சோதித்தபோது கராஜ் வேலை செய்யும் ஒருவர் கிறீஸ் கையோடு வந்து மெஷின் கண்ணாடியை நாசமாக்கிவிட்டுப் போயிருந்தார். அந்த எரிச்சலில் கடைசி வரியாக, “கைகளைக் கறை போக நன்றாகத் தேய்த்துக் கழுவி வரவும்” என்று சேர்த்தேன். மேலாளர் அந்த வரியைப் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

இனி வழி. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குக் காலை ஆறு மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். கண்டியில் தெல்தோட்டை பஸ் 6.40க்கு என்றார்கள், 7.05க்குத்தான் அசைந்தது. கலஹா வழியாகப் போகிறது. எனக்கு டிக்கெட் 160 ரூபா ஆனது, நீங்கள் போகும்போது கூடியிருக்கலாம். கலஹாவுக்குப் பிறகு வளைவு மேல் வளைவு. வாந்தி வருகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் இருந்த பையை மேல் தட்டில் வைக்கப் போனேன்.

“அத மடியில வச்சுக்கங்க மிஸ், மேல வச்சா அடுத்த வளைவுல யார் தலையிலயாவது எறங்கிரும்” என்றார் கொண்டக்டர். அவர் சொன்னது போலவே ஒருவருடைய மரக்கறிப் பை இறங்கியது.

தெல்தோட்டைக் கடைத்தெருவில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டாசம்பலும் பிளேன்டீயும். ரொட்டி அருமை. அங்கிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர், த்ரீவீலுக்கு 500 ரூபா. பேசிவிட்டு ஏறுங்கள். முகாமைப் பிள்ளைக் காம்பராவில் போட்டிருந்தார்கள், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டிடத்தில். ஒன்பதரைக்கு நான் போய்ச் சேரும்போது வாசலைத் தாண்டி வரிசை நின்றது.

முதலில் வந்த சில ஆண்களின் விரல்கள் சிரமமில்லாமல் எடுபட்டன. பிறகு கொழுந்து எடுக்கும் பெண்கள் வந்தார்கள். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்துவிட்டு வைத்தேன், அழுத்திப் பிடித்தேன், அடுத்த விரலை வைத்தேன். சிவப்பு. அடுத்தவருக்கும் சிவப்பு. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து என் விரலை வைத்துப் பார்த்தேன். பச்சை. அதோடு மனம் சமாதானமாகி, “கைய நேரா வைங்க, ஆட்டாதீங்க” என்று குரலை உயர்த்த ஆரம்பித்தேன். பாவம், யாரும் ஆட்டவே இல்லை.

பாக்கியம் அக்கா வந்தபோதுதான் ஒரு கையை ஒழுங்காகப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். விரல் நுனிகள் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி வழுவழுவென்று, இரண்டு விரலில் சிவந்து புண்ணாகி இருந்தன.

“கையில என்னக்கா?”

“கொழுந்துக் கறை மிஸ். லேசுல போகாது. பெரட்டுல அந்தக் கடுதாசிய வாசிச்சாங்கல்ல, கறை இல்லாம வரணும்னு. தேசிக்காயும் சாம்பலும் போட்டு, தேங்காப் பொச்சு வச்சுத் தேச்சோம். அப்பவும் கொஞ்சம் நின்னுச்சு. அப்புறம் கல்லுல ஒரசினோம். மூணு நாளா லயத்துல எல்லாரும் இதே வேலதான்.”

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள், தேசிக்காய் எலுமிச்சை, பெரட்டு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். பெரட்டில் வாசிப்பதைத் தோட்டத்தில் யாரும் அலட்சியம் செய்வதில்லை. கல்யாணம், திருவிழா, டவுனில் ஆபீஸ் வேலை என்றால் பெண்கள் முதலில் கையைத்தான் தேய்ப்பார்களாம். கறையோடு போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று அக்கா சொன்னார். கிள்ளிக் கிள்ளி ஏற்கெனவே தேய்ந்திருந்த ரேகைகளில் மிச்சம் இருந்ததையும் என் ஒரு வரி எடுத்துவிட்டது. எனக்குக் காது சுட்டது.

அவருடைய பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாங்கித் தடவிவிட்டுப் பார்த்தேன். புண்ணான விரலைக் கண்ணாடியில் வைத்தபோது மூச்சை இழுத்துக்கொண்டார், கையை எடுக்கவில்லை. ஒன்றும் வரவில்லை. வரிசை முடிகிற வரைக்கும் ஓரத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வந்தார்.

“எங்கம்மா சாகுற வரைக்கும் எந்த நாட்டு ஆளுன்னு எழுதாமயே போயிருச்சு மிஸ். பேப்பர் பேப்பர்னு அலைஞ்சே செத்துச்சு. மெசின் எடுக்கலேன்னா நானும் அப்படி ஆயிருவேனா?”

தோட்டத்து மக்களில் பலர் இலங்கைக் குடியுரிமையும் இந்தியக் குடியுரிமையும் இல்லாமல் பல வருடம் இருந்தவர்கள். விரல் எடுபடாதவரைப் படத்தோடு மட்டும் பதிவதற்கு வழி இருக்கிறது. அதை மேலாளர் திறந்துவிட வேண்டும். போன் எடுத்தேன். “இத்தனை பேருக்குத் திறந்தா மெஷின் சரியில்லன்னு ஆகிடும். கண்டிக்கு வரச் சொல்லுங்க” என்றார். நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அறிவித்தலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். “சரி சேர்” என்று வைத்துவிட்டேன்.

“அப்படியெல்லாம் ஆகாதுக்கா. கை ஆறினதும் கண்டி ஆபீசுக்கு வாங்க, நானே எடுத்துத் தாறேன்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகளுக்குக் கல்யாணம். விரல் நுனியெல்லாம் மருதோன்றி கருஞ்சிவப்பாக இருந்தது.

“உங்க கையிலயும் கறை இருக்கே மிஸ். அத மெசின் எடுக்குதா?”

குத்திக் காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார். கல்யாணத்துக்கு மறுநாளே அலுவலகத்தில் என் விரலை வைத்துத்தான் மெஷினைச் சரிபார்த்தோம். காலையில் இங்கேயும் பச்சை காட்டியது. சாயம் ஒரு பொருட்டே இல்லை என்பது என் கையிலேயே இருந்தது.

“எடுக்குது அக்கா.”

“அப்ப நாங்களும் அப்படியே வந்திருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அந்தக் கடுதாசியை யார் எழுதியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் பஸ் 4.15க்கு. வழியில் இறங்கிப் படமெடுக்க நல்ல இடங்கள் உண்டு என்று கேள்வி. நான் கண்டி வரைக்கும் கைகளைப் பைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து பாக்கியம் அக்கா தனியாகக் கண்டி ஆபீசுக்கு வந்தார். “கழுவல மிஸ், கொழுந்து எடுத்த கையோடயே வந்துட்டேன்” என்று வாசலிலேயே கையை நீட்டிக் காட்டினார். இடது கையில் இரண்டு விரல் எடுபட்டன. அது போதும், பதிவாகிவிட்டது. பதிவுத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்துத் தேசிக்காய். “ஒங்களாலதான் மிஸ் நடந்துச்சு” என்றார். வாங்கிக்கொண்டேன். அன்று திருப்பி அனுப்பிய மற்றவர்களில் வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பஸ்ஸுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும் எல்லாராலும் வழி பார்க்க முடியாது.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸையே பிடியுங்கள், சில்லறை வைத்திருங்கள், பிற்பகலில் மழை வரும், அட்டை கடிக்கும். முகாம் போடப் போகிறவர்களுக்கு: ஊர் ஊராகக் கொண்டுபோவதற்கு முன் மெஷினை ஆபீஸ் கைகளில் மட்டும் சோதிக்காதீர்கள். கொழுந்து எடுக்கும் கை, கல் உடைக்கும் கை, உடுப்புத் துவைக்கும் கை எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். படத்தோடு பதியும் வழியைப் போகும் முன்னாலேயே திறந்து வாங்கிக்கொள்ளுங்கள். அறிவித்தலில் கை கழுவுவதைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். அடுத்த தோட்டத்துக்குப் போகும் அறிவித்தலில் அந்த வரியை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வரி என்னுடையது என்று பாக்கியம் அக்காவிடமும் சொல்லவில்லை. தேசிக்காயைக் கையில் தந்தபோதுகூட வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவர் இதை வாசிக்க மாட்டார் என்று தெரிந்ததால்தான் எழுத முடிந்தது.